மூன்று மதிப்பெண் பாய்லர்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு பாய்லர் செத்தது.

சாவு சுலபமாக வரவில்லை. பின் பால்கனியில் 'டொக்... டொக்... டொக்' என்று மூன்று முறை முனகியது. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு அடிவயிற்றிலிருந்து துரு நிறத்தில் அரைக் குவளை தண்ணீரைக் கக்கிவிட்டு அடங்கியது. தரைக்கடியில் சுடுநீர் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கிய இருபத்து நான்கு வருட உழைப்பு.

பாங் டே-சிக் பனியனோடு அதன் முன்னால் நின்றார். வயது அறுபத்தொன்று. சுன்சோன் நகரப் பேருந்தை முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு இயந்திரம் எப்போது நடிக்கிறது, எப்போது நிஜமாகவே போய்விட்டது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

“போயிடுச்சு.”

“எது?” சமையலறையிலிருந்து மனைவி ஓக்புன்.

“பாய்லர்.”

பாத்திரச் சத்தம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி.

“புதுத் தரை போட்டாச்சு. புது வால்பேப்பர் ஒட்டியாச்சு. கதவு, சிங்க், கக்கூஸ் வரைக்கும் மாத்தியாச்சு. ‘பாய்லர்தான் ஓடுதே, அதை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்’னு சொன்ன மகராசன் யாருங்க?”

“அப்ப ஓடுச்சு.”

“அடுத்த வெள்ளிக்கிழமை பொண்ணு வர்றா. கையில பச்சைக் குழந்தை. தரை ஐஸ்கட்டி மாதிரி இருக்கு. குளிப்பாட்டத் தண்ணி?”

வீட்டைப் புதுப்பித்ததே அந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான். ஒரே மகள் சோல்மிக்கு நாலு நாள் முன்னால் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிரசவப் பராமரிப்பு விடுதியில் இரண்டு வாரம். பிறகு அம்மா வீடு. மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் இருக்கிறார், மார்ச்சில்தான் கரையைப் பார்ப்பார். பெற்ற உடம்பில் குளிர் ஏறினால் அறுபது வயதிலும் மூட்டு வலிக்கும் என்பது ஓக்புன்னின் வைத்தியம். அதை யாரும் மறுக்க முடியாது. அவளுக்கு வலித்துக்கொண்டுதான் இருந்தது.

ஒன்பதரைக்கு பாய்லர் மெக்கானிக் யோம் வந்தார். மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்தார். தொப்பியை எடுத்துவிட்டார்.

“அண்ணே, இதுக்கு ரிப்பேர் கிடையாது. அடக்கம்தான்.”

“சரி. புதுசுல எது நல்லது?”

“ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு சாதாரணம். இன்னொண்ணு வெளிய போற புகையிலயும் சூட்டைப் பிழிஞ்சு எடுத்துக்கும். கேஸ் மிச்சம். ஆனா சொட்டுச் சொட்டா தண்ணி விடும், அதுக்கு வடிகால் வேணும். உங்க பால்கனியில வடிகால் இருக்கு, அதனால அதையே வைங்க. அளவு பெருசா எடுங்க. சின்னது வச்சா அண்ணி பாத்திரம் கழுவுற நேரத்துல குழந்தை குளிக்கிற தண்ணி பச்சைத் தண்ணியாயிடும்.”

“பெருசு. பிழியுற வகை. எப்ப மாட்டுவ?”

“நாளைக்கே. ரெண்டு மணி நேர வேலை. ஆபீஸ்ல ஒரு அனுமதிச் சீட்டு மட்டும் வாங்கிடுங்க. அது இல்லாம வாசல்ல என் வண்டிக்குத் தடுப்புக் கம்பம் தூக்க மாட்டாங்க.”

பாய்லரைத் தேர்ந்தெடுக்க டே-சிக்குக்கு ஆன நேரம் நாலு நிமிடம். அந்தச் சீட்டை வாங்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைத்து அவர் சட்டையை மாட்டினார்.

*

அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாக அலுவலக மேலாளர் குவாக், விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். அதில் ‘பாய்லர் ஒன்று’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. என்றாலும் இரண்டு முறை படித்தார்.

“ஐயா, உங்க வீட்டுல புதுப்பிப்பு வேலை நடக்குதில்ல?”

“நடக்குது. நீங்கதான் போன மாசம் முத்திரை குத்துனீங்க.”

“அந்த விண்ணப்பத்துல பாய்லர் இல்ல.”

“அப்ப அது உயிரோட இருந்துச்சு.”

“அதான் சிக்கல். பாய்லர் மட்டும் மாத்துறதுக்குத் தனி விண்ணப்பம் இருக்கு. ஆனா அது புதுப்பிப்பு நடக்காத வீடுங்களுக்கு. புதுப்பிப்பு நடக்கும்போது நடுவுல சாகுற பாய்லருக்கு எங்ககிட்ட படிவமே கிடையாது. ஒரு வாரம் முன்னாடி செத்திருக்கலாம். ஒரு மாசம் கழிச்சுச் செத்திருக்கலாம்.”

“அதுகிட்ட சொல்லிப் பார்க்கறேன்,” என்றார் டே-சிக்.

“படிவம் இல்லாத விஷயமெல்லாம் முகப்புக் கௌரவக் குழுவுக்குப் போகும். உங்க அதிர்ஷ்டம், தலைவர் இன்னிக்கு இங்கதான் இருக்கார்.”

உள் அறைக் கதவு திறந்தது. குடியிருப்போர் மன்றத் தலைவர் தோ மான்-ஹோ வந்தார். பதினைந்தாம் மாடி, 1504. காப்பீட்டு நிறுவனத்தில் கிளைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பொறுத்தவரை ஓய்வு பெற்றது நிறுவனம்தான், அவரல்ல. தோளின் குறுக்கே நீலப் பட்டை அணிந்திருந்தார். அதில் ‘முகப்பே நம் முகம்’ என்று தங்க எழுத்து.

“1104! உட்காருங்க. பாய்லர்னு சொல்றீங்க. நான் பாய்லரைப் பார்க்கல. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற புகைக்குழாயைப் பார்க்கறேன். ஒரு ஆள் வீடு வாங்க வர்றான். நிமிர்ந்து பார்க்கறான். பதினாலு குழாய் ஒரே பக்கம் பார்க்குது, ஒண்ணு மட்டும் வேற பக்கம் பார்க்குது. அவன் மனசுல என்ன ஓடும்? ‘இந்தக் குடியிருப்புல ஒற்றுமை இல்ல.’ விலை விழும். உங்க பாய்லர் விழுந்ததால எங்க வீட்டு விலை ஏன் விழணும்?”

“குழாய் பழைய துவாரம் வழியாத்தான் போகும், தலைவரே. அதே பக்கம்தான் பார்க்கும்.”

“இதைத்தான் எல்லாரும் சொல்றாங்க,” என்றார் தோ மான்-ஹோ வருத்தத்தோடு. “கீழிருந்து மேல வரைக்கும் உங்க வரிசையில உங்களை விட்டுப் பதினாலு வீடு. எல்லார் கையெழுத்தும் வாங்கிட்டு வாங்க. என் கையெழுத்து கடைசி. தலைவர் கடைசியாப் போடறதுதான் மரியாதை.”

டே-சிக் இரண்டு பெட்டி கமலா ஆரஞ்சு வாங்கினார். கையெழுத்துக் கேட்டு வெறுங்கையோடு யார் வீட்டுக் கதவைத் தட்ட முடியும்? புதுப்பிப்பு ஆரம்பிக்கும்போதும் இதே வீடுகளுக்கு இதே ஆரஞ்சோடு போயிருந்தார். இப்போதும் வாசலில் நின்று தலை குனிந்து, “தொந்தரவுக்கு மன்னிக்கணும்,” என்று பையை நீட்டினார். அவர்கள் வாசலிலேயே, கதவைக் கால் பங்கு மட்டும் திறந்து, கையெழுத்திட்டு ஆரஞ்சை வாங்கிக்கொண்டார்கள். 304 மட்டும், “அடுத்து எப்ப என்ன உடையும்? தெரிஞ்சா கடையில ஆரஞ்சு வாங்க மாட்டோம்,” என்று கேட்டது. மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கும் 704-இன் சொந்தக்காரர் ஒரு தீவில் மீன் பண்ணை வைத்திருந்தார். ஆரஞ்சு அங்கே தபாலில் போனது. கையெழுத்து விரைவுத் தபாலில் வந்தது.

வியாழன் சாயங்காலம் பதின்மூன்று கையெழுத்து. பாக்கி ஒன்று.

*

வெள்ளிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. டே-சிக் கதவைத் திறந்தார். தோ மான்-ஹோ நின்றிருந்தார். பின்னால் ஐந்து குழு உறுப்பினர்கள், கேமராவோடு குவாக். ஆனால் இன்று பட்டை நீலம் இல்லை. சிவப்பு.

“தலைவரே, கையெழுத்துக்கு நானே வர்றதா இருந்தேனே...”

“அது முகப்புக் கௌரவக் குழு. இன்னிக்கு நான் இடிப்பு ஆயத்தக் குழுத் தலைவரா வந்திருக்கேன். அந்த பாய்லர் எங்க?”

குடியிருப்பின் வாசலில் ஒரு பெரிய பதாகை தொங்கிக்கொண்டிருந்தது. ‘வாழ்த்துகள்! நம் கட்டடம் ஆபத்தானது என்று முதல் சோதனையில் தேறியது!’ அதன் கீழே பூங்கொத்துகள். இன்னொரு சோதனையிலும் ஆபத்தானது என்று பெயர் எடுத்துவிட்டால் கட்டடத்தை இடித்துவிட்டு முப்பத்தைந்து மாடி எழுப்பலாம். அப்போது ஒவ்வொரு வீட்டின் விலையும் எங்கேயோ போய் நிற்கும். சுவரில் புது விரிசல் கண்டவர்கள் அலுவலகத்துக்கு ஓடி வந்து சொல்வார்கள். குவாக் பாராட்டிக் கைகுலுக்குவார்.

குழு பின் பால்கனிக்குப் போனது. செத்த பாய்லரைப் பார்த்தது.

“அடேயப்பா,” என்றார் ஒருவர் மெல்லிய குரலில்.

“அந்தத் துருவைப் பாருங்க,” என்றார் இன்னொருவர். “அடியில ஒழுகுது வேற.”

ஓக்புன் ஒழுகிய தண்ணீரைத் துடைக்கத் துணியோடு வந்தாள்.

“தொடாதீங்கம்மா!” குவாக் அலறினார். “அது இயற்கையா ஒழுகுனது!”

தோ மான்-ஹோ தொண்டையைச் செருமிக்கொண்டார். “நண்பர்களே. வெளிப்பார்வைக்கு இது ஒரு பழுது. என் பார்வைக்கு இது மூன்று மதிப்பெண். சோதனை அதிகாரிகள் சாதனங்களோட மூப்புக்கு மதிப்பெண் போடுவாங்க. நம்ம கட்டடத்துல எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்யுது. அதுதான் நம்ம துரதிர்ஷ்டம். லிஃப்ட் ஓடுது. தண்ணி வருது. போன வருஷம் ஒரு உறுப்பினர் கூரை ஒழுகலை அடைச்சுட்டார், அவரை நான் இன்னும் மன்னிக்கல. இப்படிப்பட்ட இருட்டுல, முழுசா, மனசாரச் செத்த ஒரு பாய்லர்! 1104, நீங்க எங்களுக்கெல்லாம் ஒரு முன்மாதிரி.”

கை தட்டினார்கள்.

“நன்றி,” என்றார் டே-சிக். “புதுசு எப்ப மாட்டலாம்?”

கைதட்டல் நின்றது.

“மாட்டறதா?”

“வர்ற வெள்ளிக்கிழமை என் பொண்ணு குழந்தையோட வர்றா. பதினாலு நாள் குழந்தை.”

“வாழ்த்துகள்,” என்றார் தலைவர். குவாக் பாய்லரைச் சுற்றிக் கயிறு கட்டி, ‘பாதுகாக்கப்பட்ட பழுது’ என்று ஒரு அட்டையை மாட்டினார்.

*

திங்கட்கிழமை இரு குழுக்களின் கூட்டுக் கூட்டம் நடந்தது. இரண்டிலும் அதே ஐந்து உறுப்பினர்கள்தான். இரண்டுக்கும் தலைவர் ஒருவர்தான். அவர் மேஜையில் இரு பட்டைகளையும் மடித்து வைத்திருந்தார். யாராகப் பேசுகிறாரோ அந்தப் பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பேசினார்.

நீலப் பட்டையில்: “பாய்லர் இல்லாத வீடு இருக்குன்னு வெளிய தெரிஞ்சா நம்ம மானம் போகும். புதுசு வேணும்.”

சிவப்புப் பட்டையில்: “மாண்புமிகு முகப்புக் குழுத் தலைவரின் கருத்தை நான் வன்மையா மறுக்கறேன். ஒரு புது பாய்லர், மூன்று மதிப்பெண் நஷ்டம்.”

நீலம்: “குறுக்கே பேசாதீங்க.”

சிவப்பு: “மன்னிக்கணும்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த யோம், டே-சிக்கின் காதில் கிசுகிசுத்தார். “அண்ணே, இவருக்கு எந்தக் குழாய் அடைச்சிருக்கு?”

ஒன்றரை மணி நேரத்தில் தீர்மானம் நிறைவேறியது. குவாக் எழுந்து வாசித்தார். “1104 தன் விருப்பம்போல் புது பாய்லரைத் தேர்ந்தெடுக்கலாம், வாங்கலாம், மாட்டலாம். பழைய பாய்லர் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். புதியது கண்ணில் படக் கூடாது. சோதனை முடியும்வரை அது எதையும் சூடாக்கக் கூடாது.”

“சோதனை எப்ப?” என்று கேட்டார் டே-சிக்.

“வசந்த காலத்துல. எந்த வருஷ வசந்தம்னு நகராட்சி இன்னும் சொல்லல.”

யோம் எழுந்துவிட்டார். “ஐயா, கண்ணுல படாம மாட்டணும்னா புகைக்குழாய் எங்க போகும்? வெளிய போகலன்னா உள்ள தூங்குறவங்க எழுந்திருக்க மாட்டாங்க!”

தலைவர் யோசித்தார். கை சிவப்புப் பட்டைமேல் போயிற்று. “அதுக்கு எத்தனை மதிப்பெண் வரும், குவாக்?”

யாரும் சிரிக்கவில்லை. குவாக் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்.

*

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

பதினொன்றரைக்கு டாக்சி வந்துவிடும் என்று சோல்மி போன் செய்திருந்தாள். பராமரிப்பு விடுதியில் அவள் காலி செய்யும் அறைக்கு அடுத்து வரவேண்டிய தாய் ஏற்கெனவே பெட்டியோடு காத்திருந்தாளாம். வீட்டுத் தரை ஒன்பது டிகிரி. ஓக்புன் அடுப்பில் பிள்ளை பெற்றவளுக்கான கடற்பாசி சூப்பைக் கொதிக்கவிட்டு, மேல்கோட்டோடு அதன் பக்கத்தில் நின்றாள்.

“இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க,” என்றாள். குரலில் வழக்கமான காரம் இல்லை. அதுதான் டே-சிக்கை உலுக்கியது.

கடைசி ஆரஞ்சுப் பையை எடுத்துக்கொண்டு லிஃப்டில் பதினைந்தாம் மாடிக்குப் போனார். 1504-இன் கதவைத் திறந்தது தலைவரின் மனைவி. அரைக்கை பருத்திச் சட்டை. முகத்தில் வியர்வை.

“அட, 1104 அண்ணனா! வாசல்ல நிக்காதீங்க, உள்ள வாங்க. அவர் உள்ளதான் இருக்கார்.”

அந்த வரிசையில் யாரும் இதுவரை அவரை உள்ளே கூப்பிட்டதில்லை. டே-சிக் செருப்பைக் கழற்றினார். ஒரு காலை உள்ளே வைத்தார்.

சடாரென்று தூக்கினார். மறுபடி மெதுவாக வைத்தார்.

தரை சுட்டது. தோசைக்கல் சூடு.

கூடத்தில் தோ மான்-ஹோ கை இல்லாத பனியனோடு, ஜனவரி மாதத்தில், ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின் பால்கனியில் காயப்போட்ட முள்ளங்கிக் கீரைக் கொத்துகள் திரைபோலத் தொங்கின. அதற்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று ஒன்று பச்சை விளக்கோடு மெல்ல முணுமுணுத்தது. பெரிய அளவு. பிழியும் வகை.

ஐஸ்கிரீம் குச்சி பாதி வழியில் நின்றது.

“இது வந்து...” என்றார் தலைவர். “ஒப்பீட்டு மாதிரி. நம்மகிட்ட எது இல்லைன்னு தெரிஞ்சுக்கறதுக்கு, அது எப்படி இருக்கும்னு யாராவது ஒருத்தர் தாங்கிக்கிட்டுத்தானே ஆகணும்? நாலு வருஷமா நான் தாங்கறேன்.”

“தாங்கறாராம்!” என்றாள் மனைவி. “ராத்திரி இன்னும் ரெண்டு டிகிரி ஏத்துன்னு என் உயிரை எடுக்கறார்.”

டே-சிக் சண்டை போடவில்லை. ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார். வாசலில் டாக்சி நின்றிருந்தது. சோல்மி, வீங்கிய முகம், கம்பளிக் குல்லாய். அவள் மார்பில் இருந்த மூட்டையில் ஒரு சிவந்த மூக்கு மட்டும் தெரிந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை. வயிற்றில் இருந்தபோது கூப்பிட்ட ‘பயறு’தான்.

“அப்பா, வீடு சூடா இருக்கா? பயறுக்கு மூக்கு ஜில்லுனு ஆயிடுச்சு.”

டே-சிக், மகளை வரவேற்க இறங்கி வந்திருந்த மனைவியைப் பார்த்தார். “1504-ல தரை சுடுது,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஓக்புன் எல்லோரையும் முதலில் 1104-க்குக் கூட்டிப் போனாள். பிறகு சூப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து, மெத்தையைக் கணவன் தோளில் ஏற்றி, மகளை முன்னால் விட்டு, லிஃப்டில் பதினைந்தை அழுத்தினாள்.

*

“பிறந்து இருபத்தோரு நாள் ஆகற வரைக்கும்தான் தலைவரே,” என்றாள் ஓக்புன், 1504-இன் கூடத்து நடுவில் மெத்தையை விரித்தபடி. “குழந்தை இருக்கற இடத்துக்கு அதுவரைக்கும் வெளியாளுங்க வரக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?”

“இது என் வீடும்மா!”

“அதான் சொல்றேன். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. இருமல் வேற இருக்கு உங்களுக்கு.”

“எனக்கு ஏது இருமல்?”

“வரும். வாசல்ல குளிருது.”

தலைவரின் மனைவி அதற்குள் பயறைக் கையில் வாங்கிக்கொண்டுவிட்டாள். “ஐயோ, இந்த விரலைப் பாரேன்! ஏங்க, கத்தாதீங்க, குழந்தை பயப்படும்.”

பன்னிரண்டு மணிக்கு இடிப்பு ஆயத்தக் குழுவின் வாராந்திரக் கூட்டம், தலைவர் வீட்டு வாசல் தளத்தில்தான் வழக்கம். உள்ளே கூப்பிட்டதே இல்லை. ஐந்து பேரும் குவாக்கும் கனத்த கோட்டுகளோடு வந்தார்கள். தலைவர் பனியனோடு, வெறும் காலோடு, லிஃப்ட் பக்கத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். திறந்த கதவு வழியாகச் சூடான காற்று அவர்கள் முகத்தில் அடித்தது.

504-இன் உறுப்பினர் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார். “சுடுதே!”

யாரும் ஆத்திரப்படவில்லை. அதுதான் டே-சிக்குக்கு விசித்திரமாகப் பட்டது. எல்லோரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள்.

“எங்க வீட்டுல... இவ்வளவு சுடாது,” என்றார் 504 கடைசியில். “எங்களுது போன மாடல்.”

“நாங்க ரெண்டு வருஷம் ஆச்சு,” என்றார் 904.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கணக்கு தெளிவாயிற்று. அந்த வரிசையில் நிஜமாகவே செத்த பாய்லர் ஒன்றே ஒன்றுதான். அதனால்தான் அதற்குக் கயிறு.

“இவங்களுக்கெல்லாம் அனுமதி யார் கொடுத்தது?” டே-சிக் குவாக்கைக் கேட்டார்.

“யாரும் கேட்கலையே ஐயா. பாய்லர்னு ஒருத்தர்கூட எழுதல. ‘கிம்ச்சி ஃபிரிட்ஜ்’னு எழுதுனாங்க. ஊறுகாய் ஃபிரிட்ஜுக்குக் குழு கிடையாது, கையெழுத்து கிடையாது, வண்டி வந்ததும் கம்பத்தைத் தூக்கிடுவோம்.” குவாக் குரலில் உண்மையான பரிவு இருந்தது. “நீங்க முதல் நாளே உள்ளதை எழுதிட்டீங்க. அப்புறம் எங்களால என்ன பண்ண முடியும்?”

அந்த நேரம் பார்த்து உள்ளே பயறு வீறிட்டது. பதினைந்து மாடிக்கும் கேட்டிருக்கும். பின்னாலேயே ஓக்புன்னின் குரல்: “தலைவரே! உங்க படுக்கையறையில துணி காயப் போட்டுக்கலாமா? நாப்பது துணிதான்!”

தலைவர் குவாக்கைப் பார்த்தார். குவாக் கோட்டுப் பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். டே-சிக் அதைச் சுவரில் வைத்து எழுதினார். ‘கிம்ச்சி ஃபிரிட்ஜ் ஒன்று.’ குவாக் ஒரே ஒரு முறைதான் படித்தார். முத்திரை விழுந்தது.

“ஒரு நிபந்தனை,” என்றார் தலைவர், பல் கிடுகிடுக்க. “அந்தப் பழைய பாய்லர் இனிமே கூட்டுச் சொத்து. சோதனை அன்னிக்கு அதிகாரிங்க எந்த வீட்டுக்குப் போறாங்களோ, அதுக்கு முன்னாடி லிஃப்ட்ல அந்த வீட்டுக்கு அது போயிடணும். ஒழுகறது நிக்காமப் பார்த்துக்கணும்.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

யோம் ஒன்றரைக்கு வந்தார். வாசலில் கம்பம் தானாக உயர்ந்தது. காவலாளி வணக்கம் வைத்து, “ஃபிரிட்ஜ் நல்லா சூடாகுமா?” என்று கேட்டார். பழைய துவாரம் வழியாகவே புகைக்குழாய் வெளியே போய், மற்ற பதினான்கும் பார்த்த பக்கமே பார்த்தது. மூன்றேமுக்காலுக்கு யோம் கையைத் துடைத்துக்கொண்டு சுவரிலிருந்த பொத்தானைக் காட்டினார்.

“நீங்களே அழுத்துங்கண்ணே.”

சோல்மி குழந்தையோடு புதுத் தரையில், போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். ஓக்புன் கோட்டைக் கழற்றாமல் நின்றாள். டே-சிக் அழுத்தினார்.

சுவரிலிருந்து ஒரு பெண் குரல் பேசியது. “சூடேற்றம் தொடங்குகிறது.”

எல்லோரும் காத்திருந்தார்கள். அந்தப் பத்து நாளில் டே-சிக் கேட்டவற்றிலேயே மிகச் சிறிய உரை அதுதான். பட்டை இல்லை. கைதட்டல் இல்லை. அடுத்த இருபதாவது நிமிடம் சோல்மி போர்வைக்குள்ளிருந்து ஒரு காலை வெளியே எடுத்து, உள்ளங்காலைத் தரையில் வைத்து, அப்படியே வைத்துக்கொண்டாள்.